நிறையின் ஊற்று இருளில் இருக்குமா?

(சென்னை நொச்சிக்குப்பத்தில் பொதுமக்களுக்காக ஆற்றிய அறிவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று மாலை நாம் சேர்ந்து யோசிக்க ஒரே ஒரு கேள்வியைக் கொண்டுவந்திருக்கிறேன். பொருளுக்கு நிறை எங்கிருந்து வருகிறது? தராசில் வைத்தால் முள் ஏன் சாய்கிறது என்பது எடையைப் பற்றிய கேள்வி. அதற்குப் பூமியின் ஈர்ப்பு என்று பதில் சொல்லிவிடலாம். என் கேள்வி அதற்கும் முந்தையது. பூமியே இல்லாத வெட்டவெளியில் கொண்டுபோய் விட்டாலும், ஓர் இரும்புக் குண்டை நகர்த்துவது அதே அளவுள்ள பஞ்சுப் பொதியை நகர்த்துவதைவிடக் கடினம். அந்தத் தடுப்பு பொருளுக்குள்ளேயே இருக்கிறது. அதைத்தான் நிறை என்கிறோம். பொருளைப் பிரித்து, அணுவைப் பிரித்து, இனிப் பிரிக்கவே முடியாத அடிப்படைத் துகள்வரை போன பிறகும் அந்தத் தடுப்பு இருக்கிறது. உள்ளே வேறு எதுவுமே இல்லாத ஒரு துகளுக்கு அது எப்படி வந்தது?

இதற்கு ஒரு பதில் 2012இல் உறுதியானது. அந்தப் பதில் முழுமையானதல்ல. மிச்சத்துக்கான விடை நம் கண்ணுக்கும் கருவிகளுக்கும் இதுவரை அகப்படாத துகள்களின் பகுதியில் இருக்கலாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன். அந்தக் கருத்தைக் குப்பத்தில் வந்து சொல்வதற்குக் காரணமும் உண்டு. அதற்குப் போகும் வழியில் பல முக்கியமான திருப்பங்கள் இந்தக் கடற்கரையை ஒட்டியே இருக்கின்றன.

முதலில் நிறை ஏன் நம் கவலையாக இருக்க வேண்டும் என்று பார்ப்போம். அணுவின் நடுவில் கரு, அதைச் சுற்றி எலக்ட்ரான். அணு எவ்வளவு பெரியது என்பதைத் தீர்மானிப்பது எலக்ட்ரானின் நிறை. 1913இல் டென்மார்க்கின் நீல்ஸ் போர் கண்ட விதி இது: எலக்ட்ரான் கனமானால் அணு சுருங்கும், இலேசானால் அணு விரியும். மியூயான் என்று ஒரு துகள் இருக்கிறது. எல்லா விதத்திலும் எலக்ட்ரானைப் போன்றது, நிறை மட்டும் ஏறத்தாழ 207 மடங்கு. எலக்ட்ரானுக்கு அந்த நிறை இருந்திருந்தால் உலகத்து அணுக்களெல்லாம் 200 மடங்கு சிறுத்துப்போயிருக்கும். எலக்ட்ரானுக்கு நிறையே இல்லாவிட்டால் அணுவே கிடையாது. கடல் இல்லை, மீன் இல்லை, நாமும் இல்லை. ஆக, ஒரு சின்னஞ்சிறு துகளின் நிறை என்ற எண்ணின்மேல்தான் நாம் காணும் உலகம் நிற்கிறது.

அந்த நீல்ஸ் போர் 1960 ஜனவரியில் மயிலாப்பூருக்கு வந்தார். லஸ் பகுதியில் ஏகாம்ர நிவாஸ் என்று ஒரு வீடு. அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடு அது. அவருடைய மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் இயற்பியல் பேராசிரியர். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஓராண்டு இருந்து திரும்பியவர், அங்கே கண்டதைப்போல இளைஞர்கள் கூடி விவாதிக்கும் இடம் சென்னையில் வேண்டும் என்று விரும்பினார். கட்டடம் இல்லை, பணம் இல்லை. வீட்டிலேயே கருத்தரங்கைத் தொடங்கிவிட்டார். மாணவர்கள் அங்கே கூடினார்கள், உலகத்தின் பெரிய இயற்பியலாளர்கள் அங்கே வந்து பேசினார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் போர்.

1961இல் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் முயற்சியால் பிரதமர் நேரு அந்த மாணவர்களைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. தொடக்க விழா நடந்தது இதே கடற்கரைச் சாலையில் உள்ள மாநிலக் கல்லூரியில். சிறப்பு விருந்தினர், அந்தக் கல்லூரியில் படித்து விண்மீன்களின் இயற்பியலில் உலகப் புகழ்பெற்ற எஸ். சந்திரசேகர். அந்த நிறுவனம் இன்று தரமணியில் இருக்கிறது. அதன் பெயரை இன்று மாலை இன்னும் சில முறை சொல்வேன்.

இந்தக் கதையில் சென்னையோடு தொடர்புள்ள இன்னொருவர் டாம் கிபிள். அவர் 1932இல் சென்னையில் பிறந்தார். தந்தை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர். வேப்பேரி டவுட்டன் கொர்ரி பள்ளியில் படித்து, பிறகு பிரிட்டன் சென்றார். 1964இல் நிறையைப் பற்றிய புதிய சிந்தனை மூன்று குழுக்களிடமிருந்து சில மாத இடைவெளியில் வந்தது. ஒன்று பிரஸ்ஸல்ஸில் ஃபிரான்ஸ்வா எங்லேர், ராபர்ட் பிரௌட் இருவருடையது. இன்னொன்று எடின்பரோவில் பீட்டர் ஹிக்ஸுடையது. மூன்றாவது லண்டனில் ஜெரால்ட் குரால்னிக், கார்ல் ஹேகன், டாம் கிபிள் மூவருடையது. இன்று ஹிக்ஸ் பெயரால் உலகம் அறிந்திருக்கும் கோட்பாட்டில் சென்னையில் பிறந்த ஒருவருக்கும் பங்கு உண்டு.

அவர்கள் சொன்னது என்ன? வெற்றிடம் என்று நாம் நினைக்கும் இடமெல்லாம் ஒரு புலம் நிறைந்திருக்கிறது. அந்தப் புலத்தோடு தொடர்பு கொள்ளும் துகள் நிறை பெறுகிறது. தொடர்பு வலுவாக இருந்தால் நிறை அதிகம், மெலிதாக இருந்தால் குறைவு, தொடர்பே இல்லாவிட்டால் நிறையும் இல்லை. ஒளித் துகளுக்கு அந்தத் தொடர்பு இல்லை, ஆகவே நிறையும் இல்லை. இந்தப் புலத்தை ஏதோ பிசுபிசுப்பான திரவம் என்றும், துகள்கள் அதில் மாட்டிக்கொண்டு மெதுவாகின்றன என்றும் பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியல்ல. ஒரே சீரான வேகத்தில் போகும் எலக்ட்ரானை ஹிக்ஸ் புலம் நிறுத்துவதில்லை, மெதுவாக்குவதுமில்லை. வேகத்தை மாற்றப் பார்க்கும்போதுதான் நிறையின் தடுப்பு தெரியும்.

இந்தப் புலம் உண்மை என்றால் அதற்கென ஒரு துகள் இருக்க வேண்டும். ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் 2012 ஜூலை 4 அன்று அது கிடைத்ததாக அறிவித்தார்கள். ஹிக்ஸ் போசான். துகள்களின் நிறையைச் சொல்லும் அலகில் அதன் நிறை ஏறத்தாழ 125 கிகா எலக்ட்ரான்-வோல்ட், கிகா என்றால் நூறு கோடி. அடுத்த ஆண்டு எங்லேருக்கும் ஹிக்ஸுக்கும் நோபல் பரிசு.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். நம் உடம்பின் நிறை முழுவதையும் ஹிக்ஸ் புலம் தரவில்லை. உடம்பில் உள்ள நிறை பெரும்பாலும் புரோட்டான், நியூட்ரான்களின் நிறை. அவற்றுக்குள் இருக்கும் குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் மொத்தத்தில் ஏறத்தாழ 1 சதவீதம்தான் வருகிறது. மற்றதெல்லாம் குவார்க்குகளைக் கட்டிவைத்திருக்கும் வலிய விசையின் ஆற்றல். ஆற்றலே நிறையாகத் தெரிகிறது என்று ஐன்ஸ்டைன் 1905இல் சொன்னது நம் ஒவ்வொருவர் உடம்பிலும் நடக்கிறது. ஆனால் அந்த 1 சதவீதமும் எலக்ட்ரானின் நிறையும் இல்லாவிட்டால், முன்பு சொன்னபடி அணு இல்லை. அளவில் சிறியதாக இருந்தாலும் ஆதாரம் அதுதான்.

ஹிக்ஸ் பதிலில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. துகள் எப்படி நிறை பெறுகிறது என்று அது சொல்கிறது. எவ்வளவு பெறும், ஏன் அவ்வளவு என்று சொல்வதில்லை. குவார்க்குகளில் ஒன்றான டாப் குவார்க் எலக்ட்ரானைவிட மூன்று லட்சம் மடங்குக்கு மேல் கனமானது. ஏன்? கோட்பாட்டிடம் விடை இல்லை. ஒவ்வொரு துகளுக்கும் ஹிக்ஸ் புலத்தோடு உள்ள தொடர்பின் வலிமையை அளந்து எழுதிக்கொள்கிறோம், அவ்வளவுதான். அளந்து எழுதுவது ஒரு பட்டியல். அதைக் காரணம் என்று சொல்ல முடியாது.

இந்த இடைவெளி மிகப் பெரிதாகத் தெரிவது நியூட்ரினோ என்ற துகளிடம். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டும், உங்கள் கட்டைவிரல் நகம் அளவு இடத்தின் வழியாக, ஒவ்வொரு வினாடியும் 6,000 கோடிக்கு மேல் பாய்ந்து போகின்றன. பகலில் மேலிருந்தும், இரவில் பூமியைத் துளைத்துக் காலடியிலிருந்தும் வருகின்றன. நாம் உணர்வதே இல்லை. ஏனென்றால் அவை எதனோடும் அநேகமாகத் தொடர்பு கொள்வதில்லை.

இந்தத் துகளுக்கு ஒரு விசித்திரம் உண்டு. துகள்களுக்குத் தற்சுழற்சி இருக்கிறது. போகும் திசையோடு ஒப்பிட்டு அதை இடக்கை, வலக்கை என்று பிரிப்பார்கள். எலக்ட்ரானில் இரண்டு வகையும் உண்டு. அந்த இரண்டையும் இணைத்துத்தான் ஹிக்ஸ் புலம் அதற்கு நிறை தருகிறது. நியூட்ரினோவில் நாம் கண்டது இடக்கை வகை மட்டுமே. கதிரியக்கச் சிதைவுக்குக் காரணமான மெல்விசைக்கு இடக்கைதான் கணக்கு என்பதை 1957இல் ராபர்ட் மார்ஷாக்குடன் சேர்ந்து சொன்னவர் ஈ.சி.ஜி. சுதர்சன். அவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரி மாணவர், பின்னாளில் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர். வலக்கைத் துணை இல்லாவிட்டால் ஹிக்ஸ் வழியில் நியூட்ரினோவுக்கு நிறை வர முடியாது. ஆகவே அதன் நிறை பூஜ்யம் என்றே பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் எழுதின.

இயற்கை வேறு மாதிரி இருந்தது. கதையின் ஒரு முக்கியமான பகுதி கோலார் தங்கவயலில் நடந்தது. வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய சுரங்கம் அது. 1965இல், தரைக்குக் கீழே ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, பிரிட்டனின் டர்ஹம் பல்கலைக்கழகக் குழுக்களும் வைத்த கருவிகளில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடம் பதிவானது. உலகில் முதன்முதலில் அப்படிப் பதிவான இடங்களில் ஒன்று அது. அந்த ஆழத்தைத் தோண்டிய கைகள் நம் மக்களின் கைகள் என்பதை அறிவியல் வரலாற்றில் யாராவது எழுதிவைக்க வேண்டும்.

1998இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வுக்கூடம் அதே வளிமண்டல நியூட்ரினோக்களை அளந்து, அவை வழியில் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுகின்றன என்று காட்டியது. சில ஆண்டுகளில் கனடாவின் சட்பரி ஆய்வுக்கூடம் சூரிய நியூட்ரினோக்களிலும் அதையே கண்டது. நிறை இல்லாத துகள் அப்படி மாற முடியாது. 2015இல் இந்த இரு குழுக்களைச் சேர்ந்த கஜிதாவுக்கும் மக்டொனால்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எவ்வளவு நிறை? மாற்றத்தின் அளவைப் பார்த்தால் மூன்று நியூட்ரினோக்களில் ஒன்றுக்காவது குறைந்தது 0.05 எலக்ட்ரான்-வோல்ட் இருக்க வேண்டும். ஜெர்மனியின் காட்ரின் சோதனை 2025இல் வெளியிட்ட முடிவின்படி 0.45ஐத் தாண்டாது. எலக்ட்ரானின் நிறை 5,11,000 எலக்ட்ரான்-வோல்ட். அதாவது நிறையுள்ள மற்ற அடிப்படைத் துகள்களிலெல்லாம் இலேசான எலக்ட்ரானைவிட இது பத்து லட்சம் முதல் ஒரு கோடி மடங்கு இலேசு. இவ்வளவு பெரிய பள்ளம் தற்செயலாக இருக்க முடியுமா? நியூட்ரினோவுக்கு நிறை வந்த வழியே வேறாக இருக்க வேண்டும் என்று பலரும் கருதுகிறார்கள்.

வேறு வழிக்கான பழைய விடை, வலக்கை நியூட்ரினோ இருக்கிறது, ஆனால் கற்பனைக்கெட்டாத கனம் கொண்டது என்பது. அது எவ்வளவுக்கெவ்வளவு கனமோ, நமது நியூட்ரினோ அவ்வளவுக்கவ்வளவு இலேசு. அழகான கருத்துதான். ஆனால் அதன் மிக இயல்பான வடிவத்தில் அந்தக் கனத் துகள் இன்றைய துகள் முடுக்கிகளின் ஆற்றலைவிட ஆயிரம் கோடி மடங்கு உயரத்தில் இருக்கும். நேரடியாகச் சோதிக்க வழி இல்லை.

இப்போது இரண்டாவது புதிரைச் சொல்ல வேண்டும். கரும்பொருள். 1933இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்பவர் கோமா என்ற விண்மீன் மண்டலக் கூட்டத்தைப் பார்த்தார். அதில் உள்ள மண்டலங்கள் அங்கே தெரியும் பொருளின் ஈர்ப்பு தாங்காத வேகத்தில் சுற்றின. 1970களில் வேரா ரூபின் தனித்தனி மண்டலங்களின் விளிம்பிலும் அதே நிலையைக் கண்டார். கடலில் அலையும் காற்றும் இல்லாத நாளில் நீங்கள் விட்ட வலை ஒரு பக்கமாக இழுபட்டுப் போனால், அடியில் நீரோட்டம் இருக்கிறது என்று சொல்லிவிடுவீர்கள். நீரோட்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, வலை சொல்கிறது. விண்மீன்கள் சொல்வதும் அப்படித்தான். பிரபஞ்சத்தில் சாதாரணப் பொருளைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு கரும்பொருள் இருக்கிறது. ஒளியை விடுவதில்லை, தடுப்பதுமில்லை. ஈர்ப்பு மட்டும் தெரிகிறது. அது எந்தத் துகளால் ஆனது என்று தெரியாது.

நிறை உள்ள நியூட்ரினோ ஒரு புதிர், கரும்பொருள் இன்னொரு புதிர். நடப்புக் கோட்பாட்டில் இரண்டுக்கும் இடமில்லை. இரண்டும் ஒரே முடிச்சின் இரண்டு முனைகளாக இருந்தால்?

அப்படிக் கேட்டவர்களில் முக்கியமானவர் எர்னஸ்ட் மா, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்தவர். அவருக்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டு. தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஜி. ராஜசேகரனும் அவரும் சேர்ந்து 2001இல் எழுதிய ஆய்வுத்தாள், நான்கு முக்கோண முகங்கள் கொண்ட திண்மத்தின் சமச்சீரைக் கொண்டு மூன்று நியூட்ரினோக்களின் நிறைகளையும் புரிந்துகொள்ள முயன்றது. அதன் பிறகு உலகம் முழுவதும் அந்தச் சமச்சீரை எடுத்துக்கொண்டு ஏராளமான ஆய்வுகள் நடந்தன. ஐந்து ஆண்டு கழித்து, 2006இல், மா தன் கரும்பொருள் கருத்தை வெளியிட்டார். அதை ஸ்காட்டோஜெனிக் மாதிரி என்று இயற்பியலாளர்கள் அழைக்கிறார்கள்.

அதைப் படிப்படியாகச் சொல்கிறேன். கரும்பொருள் ஒரே துகள் அல்ல, சில துகள்களின் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குடும்பத்தை இருள் பகுதி என்போம். அதற்கு ஒரு கண்டிப்பான விதி: எந்த நிகழ்விலும் இருள் துகள்களின் எண்ணிக்கை இரட்டைப்படையிலிருந்து ஒற்றைப்படைக்கோ, ஒற்றையிலிருந்து இரட்டைக்கோ மாறக் கூடாது. நியூட்ரினோ நம் பக்கத்துத் துகள், அதில் இருள் துகள் பூஜ்யம். பூஜ்யம் இரட்டைப்படை. ஆகவே அது ஒற்றை இருள் துகளாக மாற முடியாது. ஆனால் குவாண்டம் விதிகளின்படி, மிகமிகக் குறுகிய நேரத்துக்கு இரண்டு இருள் துகள்களாகப் பிரியலாம், மீண்டும் சேரலாம். அந்தக் குறுகிய நேரத்தில் இரண்டில் ஒன்று ஹிக்ஸ் புலத்தைத் தொடுகிறது. மற்றது தன் சொந்த நிறையால் கை மாறுகிறது. பிரியும்போது இடக்கையாக இருந்தது, சேரும்போது வலக்கையாகத் திரும்புகிறது. இடக்கையும் வலக்கையும் இணைந்துவிட்டால் நிறை வந்துவிட்டது என்று பொருள். தனியாக ஒரு வலக்கை நியூட்ரினோ நம் பக்கத்தில் தேவையே இல்லை. இருள் பகுதி அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

நிறை ஏன் அவ்வளவு குறைவு? இப்படிப்பட்ட ஒவ்வொரு சுற்றும் கணக்கில் தன் பங்காக 150 மடங்குக்கு மேல் குறைத்துவிடுகிறது. அதோடு பல தொடர்புகளின் வலிமைகள் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்கின்றன. ஒன்றுக்குக் குறைந்த எண்களைப் பெருக்கப் பெருக்க விடை சிறுத்துக்கொண்டே போகும். சுற்று மட்டுமே ஒரு கோடி மடங்கையும் விளக்கிவிடாது. இருள் துகள் ஹிக்ஸ் புலத்தைத் தொடும் அந்த ஒரு தொடர்பும் சிறியதாக இருக்க வேண்டும். அந்தத் தொடர்பை முற்றிலும் எடுத்துவிட்டால் ஒரு சமச்சீர் திரும்பி வருவதால், அது சிறியதாக இருப்பது இயல்பே என்று வாதிட முடிகிறது.

அடுத்தது என்னை மிகவும் கவரும் இடம். கரும்பொருள் 1,380 கோடி ஆண்டுகளாக ஏன் அழியாமல் இருக்கிறது? அதற்கும் அதே விதிதான் காரணம். இருள் குடும்பத்தில் மிக இலேசான துகள் தனியாகச் சிதைந்து நம் பக்கத்துத் துகள்களாக மாற வேண்டுமென்றால் ஒற்றை, பூஜ்யமாக வேண்டும். விதி தடுக்கிறது. ஆகவே அது நிலைத்துவிடுகிறது. நியூட்ரினோ நேரடியாக நிறை பெறாமல் சுற்றி வந்து பெறுவதற்கும் அதே விதிதான் காரணம். ஒரே விதி இரண்டு புதிர்களையும் விடுவிக்கிறது. இருள் பகுதி இல்லாவிட்டால் நியூட்ரினோவுக்கு நிறையும் இல்லை.

2014இல் மா இன்னொரு படி போனார். நியூட்ரினோ மட்டும் ஏன்? எலக்ட்ரான், மியூயான், எல்லாக் குவார்க்குகளும் ஹிக்ஸ் புலத்தை நேராகத் தொடாமல், இருள் துகள்களின் வழியாகவே நிறை பெறும்படி ஒரு கோட்பாட்டை அமைக்க முடியும் என்று காட்டினார். ஹிக்ஸ் புலம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அது இருக்கிறது, மெல்விசையின் துகள்களுக்கு நேராகவே நிறை தருகிறது. நம்மை ஆக்கியிருக்கும் துகள்களுக்கும் அதற்கும் நடுவில் இருள் பகுதி நிற்கிறது என்பதே அவர் கருத்து. அப்படியானால் அந்த நிறைப் பட்டியலின் ஏற்ற இறக்கங்களுக்குக் காரணம் தேட ஓர் இடம் கிடைக்கிறது. இதன் மிகக் கடினமான இடம் டாப் குவார்க். ஏறத்தாழ 173 கிகா எலக்ட்ரான்-வோல்ட் நிறையைச் சுற்று வழியாகக் கொண்டுவர மிக வலுவான தொடர்புகள் வேண்டும். அங்கே கோட்பாடு திணறுகிறது. நியூட்ரினோவுக்கு இந்த வழி இயல்பாகப் பொருந்துகிறது. டாப் குவார்க்குக்கு வலிந்து பொருத்த வேண்டியிருக்கிறது என்பது என் கருத்து.

இவையெல்லாம் தாளில் எழுதிய கணக்கு. இயற்கை ஒப்புக்கொள்கிறதா? மா தன் 2006 ஆய்வுத்தாளின் தலைப்பிலேயே சோதித்து அறியக்கூடியது என்று எழுதினார். அந்தச் சொல்லை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். சோதிக்கும் வழிகள் நான்கு.

ஒன்று, ஹிக்ஸ் போசானே. நேரடித் தொடர்பு என்றால், ஹிக்ஸ் எந்தத் துகளோடு எவ்வளவு தொடர்பு கொள்கிறது என்பது அந்தத் துகளின் நிறைக்கு மிகச் சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். நடுவில் இருள் பகுதி நின்றால் அந்த விகிதம் சற்றே பிசகும். டௌ என்ற துகளுக்கும் பாட்டம் குவார்க்குக்கும் செர்னில் அளந்துவிட்டார்கள். மியூயானாக ஹிக்ஸ் சிதைவதற்கான முதல் சான்றை 2020இல் செர்னின் சிஎம்எஸ் ஆய்வுக் குழு கண்டது. அடையாற்றுக்கு அருகே உள்ள ஐஐடி மெட்ராஸ் அந்தக் குழுவில் உறுப்பு. இதுவரை விகிதம் அளவீட்டுப் பிழைக்குள் சரியாகவே இருக்கிறது. ஆனால் பிழை இன்னும் பெரிது. செர்னின் முடுக்கியை மேம்படுத்தி 2030 வாக்கில் மீண்டும் தொடங்கத் திட்டம் இருக்கிறது. அப்போது பிழை நன்றாகக் குறையும்.

இரண்டு, மியூயான். நியூட்ரினோவுக்கு நிறை தரும் அதே இருள் சுற்று, மியூயானை எலக்ட்ரானாகவும் ஒளியாகவும் சிதைக்கவும் வேண்டும். சுவிட்சர்லாந்தில் மெக் சோதனை அதைத் தேடுகிறது. பத்து லட்சம் கோடி சிதைவுகளில் நான்குகூட அப்படி நிகழ்வதில்லை என்று காட்டியிருக்கிறார்கள். இருள் துகள்களின் தொடர்புகளுக்கு இது பலத்த கடிவாளம். கோட்பாட்டின் பல வடிவங்கள் இதனால் ஏற்கெனவே விழுந்துவிட்டன.

மூன்று, நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் ஒன்றேதானா என்ற சோதனை. மாவின் 2006 மாதிரி ஒன்றே என்கிறது. சில அணுக்கருக்கள் நியூட்ரினோ வெளிவராமல் இரட்டைச் சிதைவு கொண்டால் அது உறுதியாகும். உலகம் முழுவதும் தேடுகிறார்கள், இதுவரை இல்லை.

நான்கு, கரும்பொருளையே நேரடியாகப் பிடிப்பது. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மலைக்கடியிலும் சுரங்கத்திலும் டன் கணக்கில் திரவ செனானை நிரப்பிக் காத்திருக்கிறார்கள். ஜார்க்கண்டின் ஜடுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில், 2017இல் நம் நாடும் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தைத் திறந்தது. உறுதியான அறிகுறி எங்கும் இல்லை.

இங்கே கோலாரைப் பற்றி விட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டும். நியூட்ரினோவைத் தேடிய அந்தக் கருவிகளில், பாறைக்கும் கருவிக்கும் நடுவே காற்றிலோ மெல்லிய பொருளிலோ ஒரு துகள் சிதைந்ததுபோன்ற சில நிகழ்வுகள் பதிவாயின. 1975இல் அவற்றை வெளியிட்டார்கள். தெரிந்த எந்தத் துகளும் அப்படிச் செய்யாது. கோலார் நிகழ்வுகள் என்று அவற்றுக்குப் பெயர். உலகின் பிற சோதனைகளில் அவை தென்படாததால் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. ஏறத்தாழ 40 ஆண்டு கழித்து, தரமணியிலிருந்து எம்.வி.என். மூர்த்தியும் ராஜசேகரனும் அந்தப் பழைய பதிவுகளை மீண்டும் எடுத்தார்கள். 5 முதல் 10 கிகா எலக்ட்ரான்-வோல்ட் நிறையுள்ள கரும்பொருள் துகள் மிக மெதுவாகச் சிதைவதன் தடமாக அவை இருக்கலாமா என்று கேட்டார்கள். மாவின் மாதிரியில் கரும்பொருள் சிதையாது. ஆகவே இரண்டும் ஒன்றல்ல. சில நிகழ்வுகளை வைத்து எதையும் முடிவு கட்டவும் முடியாது. ஆனாலும் அந்தத் தாளை நான் மதிக்கிறேன். நம் நாட்டுச் சுரங்கத்தில் பதிவான, விடை காணாத ஒன்றைத் தூக்கிப் போடாமல், அதைப் பெரிய கருவி வைத்து மீண்டும் தேடுங்கள் என்று கேட்ட தாள் அது.

அந்தப் பெரிய கருவி வர வேண்டிய இடம் நம் தேனி மாவட்டம். பொட்டிபுரத்துக்கு அருகே, போடி மேற்கு மலைக்குள், 50,000 டன் காந்தமேற்றிய இரும்புக் கருவி. அந்த நியூட்ரினோ ஆய்வகத்துக்காகப் பல ஆண்டு பாடுபட்டவர்களில் ராஜசேகரன் முதன்மையானவர். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. ஆய்வகம் வரவில்லை. மலையைக் குடைந்தால் நீருக்கும் காட்டுக்கும் வாழ்வுக்கும் என்ன ஆகும் என்று அந்த மக்கள் கேட்டார்கள், வழக்குகள் நடந்தன, 2022இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது. ராஜசேகரன் 2023இல் மறைந்தார். சீனாவின் ஜூனோ நியூட்ரினோ ஆய்வகம் 2025இல் தரவு எடுக்கத் தொடங்கிவிட்டது.

நான் நியூட்ரினோ ஆய்வை விரும்புகிறவன். இருந்தும் சொல்கிறேன்: கேள்வி கேட்ட அந்த ஊர்க்காரர்கள் அறிவியலுக்கு எதிரிகள் அல்ல. தங்கள் நிலத்தில் என்ன நடக்கப் போகிறது என்று கேட்பது அவர்கள் உரிமை. உங்கள் கடலில், உங்கள் கரையில் எந்தத் திட்டம் வந்தாலும் நீங்களும் கேட்பீர்கள், கேட்க வேண்டும். அறிவியலாளர்கள் மலைக்குப் போவதற்கு முன்பு மக்களிடம் போக வேண்டும். திட்டம் கையெழுத்தான பிறகு வந்து விளக்குவதை யாரும் விளக்கமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மக்களின் நம்பிக்கை இல்லாமல் ஆழத்தில் எந்தக் கருவியையும் வைக்க முடியாது என்பதைத் தேனி நமக்குக் கற்றுத்தந்திருக்கிறது.

முடிக்கும் முன் என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நிறை என்பது துகள் பிறக்கும்போதே தன்னோடு கொண்டுவந்த சொத்தல்ல, மற்றவற்றோடு கொள்ளும் தொடர்பால் பெறுவது. இது ஹிக்ஸ் புலம் வரைக்கும் உறுதியாகிவிட்ட உண்மை. அந்தத் தொடர்பு இருள் பகுதி வரை நீள்கிறது என்பது இன்னும் உறுதியாகாத கருத்து. நியூட்ரினோவைப் பொறுத்தவரை, நம்மிடம் உள்ள கருத்துகளில் இது மிகச் சிறந்த ஒன்று என்று நான் நினைக்கிறேன். அது இரண்டு புதிர்களுக்கு ஒரே காரணம் சொல்கிறது. எங்கே எப்படி அளந்தால் தான் பொய்யாகிவிடும் என்பதையும் தானே சொல்லிவிடுகிறது. அந்தத் துணிவு இல்லாத கருத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இங்கே பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. நீங்கள் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, ஆய்வுக்கு வரும் காலத்தில்தான் செர்னின் புதிய தரவுகளும் ஜூனோவின் முழு அளவீடுகளும் வந்துகொண்டிருக்கும். மாவின் கருத்து நிற்குமா விழுமா என்பது ஏறத்தாழ அப்போது தெரியத் தொடங்கும். அந்த வேலைக்கு இயற்பியலும் கணிதமும் வேண்டும். கருவி செய்யத் தெரிந்தவர்களும் கணினியில் கணக்குப் போடத் தெரிந்தவர்களும் வேண்டும். தரமணி உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான். அந்த வாசல் அரசுப் பணத்தில் கட்டப்பட்டது, ஆகவே உங்களுடையது. போய்க் கேளுங்கள். விளங்கவில்லை என்றால் மறுபடியும் கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டியது எங்கள் கடமை.